பிரிட்டனில் முதல் வீடு வாங்கும் எல்லாருக்கும் புது வரியா? இல்லை

"லேபர் அரசு நாடாளுமன்றத்தில் புதுச் சட்டம் போட்டு, 2025 ஏப்ரலில் இருந்து பிரிட்டனில் முதல் வீடு வாங்கும் எல்லாரிடமும் முத்திரைத் தீர்வை (வீடு வாங்கும்போது அரசுக்குக் கட்டும் வரி) வாங்குகிறது" என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

நடந்தது இதுதான். 2022 செப்டம்பரில் கன்சர்வேட்டிவ் அரசு, முதல் வீடு வாங்குபவர்களுக்கான வரியில்லா வரம்பை 3 லட்சம் பவுண்டிலிருந்து 4.25 லட்சமாக உயர்த்தியது. அடுத்த சில வாரங்களிலேயே நிதியமைச்சரான ஜெரமி ஹன்ட், அந்தச் சலுகை 2025 மார்ச் 31 வரைதான் என்று தேதி குறித்துவிட்டார். பிறகு ஆட்சிக்கு வந்த லேபர் அரசு அதை நீட்டிக்கவில்லை, அவ்வளவுதான். வரம்பு பழைய 3 லட்சத்துக்கே திரும்பியது. நீட்டித்திருக்கலாமே, 15 லட்சம் வீடு கட்டுவோம் என்று சொல்லிவிட்டு வாங்குபவர் செலவை ஏற விடலாமா என்று கேட்டால் அது நியாயமான கேள்வி, ஆனால் அதற்காக இல்லாத சட்டத்தை இருப்பதாகச் சொல்லக் கூடாது.

கணக்கைப் பாருங்கள்: முதல் வீடு 3 லட்சம் பவுண்டு என்றால் அன்றும் இன்றும் வரி இல்லை. 3.5 லட்சம் என்றால் இப்போது 2,500 பவுண்டு. 5 லட்சத்தைத் தாண்டினால் சலுகையே கிடையாது, அது உண்மையிலேயே பெரிய சுமை.

லேபர் தானாக உயர்த்தியது வேறொன்று: இரண்டாவது வீடு வாங்குவோருக்கான கூடுதல் வரி, 2024 அக்டோபர் 31 முதல் 3 சதவீதத்திலிருந்து 5 ஆனது. அப்புறம், இதெல்லாம் இங்கிலாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் மட்டும்தான். ஸ்காட்லாந்து, வேல்ஸ் இரண்டுக்கும் தனித்தனி வரி இருக்கிறது.