அண்ணனைப் பாத்துட்டு வந்தீங்களா?

நாலைந்து வருஷத்துக்கு முன்னால் வீட்டு வரி ரசீதில் பெயர் மாற்ற ஊருக்குப் போயிருந்தேன். ஊராட்சித் தலைவர் பட்டியலினத்தைச் சேர்ந்த ஓர் அம்மா. மனுவை வாங்கிப் படித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "அண்ணனைப் பாத்துட்டு வந்தீங்களா சார்?" அந்த அண்ணன் எந்தப் பதவியிலும் இல்லை. தலைவரின் சுழல் நாற்காலி காலியாகக் கிடந்தது. அம்மா பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார், முத்திரையை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு.

'சட்டப்படி தேர்ந்தெடுக்கப்பட்டவர்' என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தக் காலி நாற்காலிதான் ஞாபகம் வரும்.

மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம்; விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல். 1996இல் இந்த ஊர்களின் தலைவர் பதவி பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்டது. அப்புறம் பத்து வருஷம் கூத்துதான். வேட்புமனு வராது. வந்து ஜெயித்தாலும் பதவியேற்ற கையோடு ராஜினாமா. இத்தனைக்கும் காகிதத்தில் ஒரு குறை காட்ட முடியாது. அறிவிப்பு வந்தது, சான்றிதழ் கொடுத்தார்கள், ராஜினாமாக் கடிதத்தையும் முறைப்படி வாங்கிக் கோப்பில் கட்டினார்கள். அதை எழுதச் சொன்னது யார் என்று கேட்கத்தான் எந்தப் படிவத்திலும் இடமில்லை.

"ஊர் ஏத்துக்காத சட்டத்துக்கு என்னங்க மதிப்பு?" என்று இன்றும் கேட்கிறார்கள். எந்த ஊர்? காலனியில் ஓட்டு வைத்திருந்தவர்கள் ஊரில் சேர்த்தி இல்லையா? அதே மதுரை மாவட்டத்து மேலவளவில் பட்டியலினத்தைச் சேர்ந்த முருகேசன் மிரட்டலை மீறித் தலைவர் பதவிக்கு நின்று ஜெயித்தார். 1997 ஜூன் 30ஆம் தேதி, பட்டப்பகலில், பஸ்ஸை மறித்து அவரையும் கூட இருந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். இதற்குப் பெயர் ஊரின் சம்மதமா?

2006 அக்டோபரில் அந்த நாலு ஊரிலும் தேர்தல் ஒழுங்காக நடந்தது. மதுரை கலெக்டராக இருந்த உதயசந்திரன் ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பேசிப் பேசித்தான் தன் மாவட்டத்தில் அதை முடித்தார். அதற்காகப் புதுச் சட்டம் எதுவும் போடவில்லை. அப்படியானால் அந்தப் பத்து வருஷமும் சட்டத்தை ஏற்காமல் இருந்தது ஊர் மட்டும்தானா? அரசாங்கத்துக்கே அதில் நம்பிக்கை இல்லை என்றுதான் நான் சொல்வேன்.

2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையிலிருந்து வந்த படத்தைப் பார்த்திருப்பீர்கள். பட்டியலினத்தைச் சேர்ந்த ஊராட்சித் தலைவர் தரையில், மற்றவர்கள் நாற்காலியில்.

சரி, என் கதைக்கு வருகிறேன். "தலைவர் நீங்கதானேம்மா, அவரை எதுக்குப் பாக்கணும்?" என்று நான் கேட்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு நேரே அண்ணன் வீட்டுக்குத்தான் போனேன். காபி கொடுத்தார், ஒரு போன் போட்டார். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது.