மீதி எவ்வளவு என்று பெட்டி காட்டவில்லையே
பேருந்து நிறுவனங்கள் சொந்தமாக சர்வர் வாங்காமல் மாதச் சந்தா கட்டினால் போதும், பயணக் கட்டண வசூலை கிளவுடு, அதாவது இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் சர்வர், பார்த்துக்கொள்ளும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சின்ன ஊர் பேருந்து நிறுவனங்களுக்கு அது சரிதான். ஆனால் பயணி பக்கம் என்ன மாறுகிறது என்று சொல்லவே இல்லை.

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். இங்கே பழைய பயண அட்டையில் பணம் சில்லுக்குள்ளேயே இருக்கும். அட்டையைத் தட்டியதும் பேருந்து வாசலில் உள்ள பெட்டி கட்டணத்தை அங்கேயே கழித்து மீதியைக் காட்டும். சிம்ப்ளிகோ என்ற புது முறையில் அட்டை வெறும் அடையாளம்தான். கணக்கு சர்வரில் பிறகு நடப்பதால் வாசலில் மீதி தெரியாது. என் மாமியார் இறங்கும்போது ஒவ்வொரு முறையும் கண்ணைச் சுருக்கி அந்த எண்ணைப் பார்ப்பார். போனில் செயலியைத் திறந்து பாருங்கள் என்றால், "அதுக்கு கண்ணாடியைத் தேடணும்" என்பார்.

இவரைப் போல எத்தனை பேரோ! 2024 ஜனவரியில் பழைய முறையை நிறுத்தப்போவதாக அறிவித்த நிலப் போக்குவரத்து ஆணையம், எதிர்ப்பு கிளம்பியதும் அதே மாதத்தில் பின்வாங்கியது. பழைய முறையைத் தொடர கூடுதலாக 4 கோடி சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) செலவு.

புது முறையில் நல்லதும் உண்டு. அட்டை தொலைந்தாலும் உடனே முடக்கி மீதியைக் காப்பாற்றலாம், வீட்டிலிருந்தே பணம் ஏற்றலாம். அப்புறம் இன்னொன்று: பேருந்து நிறுவனம் கிளவுடு சந்தாவை நிறுத்தினால் பயணிகளின் கணக்கும் பயண விவரமும் யார் கையில் இருக்கும்? ஒப்பந்தம் போடுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.