லெப்டினன்ட் ஃபிளிப்பருக்கு நற்சான்றிதழ் வேண்டாம்

ஹென்றி ஃபிளிப்பர் பொய் சொன்னார். மேலதிகாரியிடம் சொன்னார், எழுத்திலும் சொன்னார், வங்கியில் பணமே இல்லாமல் ஒரு காசோலையும் எழுதினார். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டு அவசரமாக நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. அவர் பொய் சொன்னார் என்று ஒப்புக்கொண்டபடியே அவர் பக்கம் நிற்கலாம் என்பது என் கட்சி.

ஆள் யாரென்று தெரியாதவர்களுக்காக: அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் படித்துத் தேறி அதிகாரியான முதல் கறுப்பர். 1856இல் ஜார்ஜியா மாநிலத்தின் தாமஸ்வில்லில் அடிமையாகப் பிறந்தவர். அப்பா ஃபெஸ்டஸ் செருப்புத் தைக்கும் தொழிலாளி, அவரும் அடிமைதான். ஆனால் கைத்தொழில் தெரிந்ததால் வெளி வேலை செய்து கொஞ்சம் காசு சேர்த்திருந்தார். அவருடைய முதலாளி அட்லாண்டாவுக்கு இடம் மாறியபோது ஒரு சிக்கல். மனைவியும் குழந்தை ஹென்றியும் வேறொரு முதலாளிக்குச் சொந்தம். அவர்களை விலைக்கு வாங்க தன் முதலாளியிடம் பணம் இல்லை என்றதும், ஃபெஸ்டஸ் தன் சேமிப்பை அந்த முதலாளிக்கே கடனாகக் கொடுத்து, சொந்த மனைவியையும் பிள்ளையையும் வாங்க வைத்திருக்கிறார். அந்தக் குழந்தைதான் 1873இல் வெஸ்ட் பாயிண்டுக்குள் நுழைகிறது.

நான்கு வருடம். கடமை சார்ந்த விஷயம் தவிர சக மாணவர்கள் அவரோடு பேசவில்லை. அடிதடி கிடையாது, வசவுகூட அபூர்வம். ஆள் இருப்பதாகவே காட்டிக்கொள்ளாத புறக்கணிப்பு. அவருக்கு முன்னால் வந்த ஜேம்ஸ் வெப்ஸ்டர் ஸ்மித் கடைசி வரை தாக்குப்பிடித்தும் 1874இல் ஒரு பாடத்தில் தோற்றதாகச் சொல்லி அனுப்பப்பட்டார். ஃபிளிப்பரோடு அறையைப் பகிர்ந்துகொண்ட ஜான்சன் விட்டேக்கர் 1880இல் கட்டிலோடு கட்டப்பட்டு, காதுகளில் வெட்டுக்காயத்தோடு கிடந்தார். அவரே அப்படிச் செய்துகொண்டார் என்று கல்லூரி முடிவு கட்டியது. இந்த இரண்டு பேருக்கும் நடுவில், 1877இல், 76 பேரில் 50ஆவதாகத் தேறி ஃபிளிப்பர் பட்டம் வாங்கினார். வாங்கும்போது கைத்தட்டல் எழுந்ததாம். நான்கு வருடம் பேசாதவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். என்ன நியாயமோ.

பத்தாவது குதிரைப்படையில் வேலை. சிப்பாய்கள் எல்லோரும் கறுப்பர்கள், அதிகாரிகள் எல்லோரும் வெள்ளையர்கள், இவர் ஒருவரைத் தவிர. இன்றைய ஓக்லஹோமாவில் இருக்கும் ஃபோர்ட் சில் கோட்டையில் மழைநீர் குட்டை குட்டையாகத் தேங்கி மலேரியா பரவிக்கொண்டிருந்தது. அதை வடிக்க ஒரு கால்வாய் வெட்டச் சொன்னார்கள். ஃபிளிப்பர் மட்டம் பார்த்து, சரிவு கணக்கிட்டு வெட்டி முடித்தார், தண்ணீர் வடிந்தது. அந்த வாய்க்கால் இன்றும் அவர் பெயரில் இருக்கிறது, 1977இல் தேசிய வரலாற்றுச் சின்னமாகவும் ஆனது. சாலைக்கு அளவை எடுத்தார், தந்திக் கம்பி இழுத்தார். 1880இல் அப்பாச்சி தலைவர் விக்டோரியோவை எதிர்த்த போரில் அவசரத் தகவல் ஒன்றைக் கொண்டுசேர்க்க 22 மணி நேரத்தில் 98 மைல் குதிரையில் போனார். (அந்தப் போர் யாருக்காக, யாருடைய நிலத்தில் நடந்தது என்பது தனிக் கதை. நேற்றுவரை அடிமைகளாக இருந்தவர்களை வைத்தே பூர்வகுடிகளைத் துரத்தியது அந்த அரசு. ஃபிளிப்பரைப் புகழும்போது இதை மறக்க என்னால் முடிவதில்லை.)

அப்புறம் டெக்சஸில் ஃபோர்ட் டேவிஸ். உணவுக் கிடங்கின் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. கிடங்குக் கணக்கு பார்த்தவர்களுக்கு அந்த வேலையின் தலைவலி புரியும். சிப்பாய்க்கும் துணி வெளுக்கும் பெண்களுக்கும் கடனில் சாமான் போகும், பணம் பின்னால் வரும், காகிதத்தில் இருப்பதும் பெட்டியில் இருப்பதும் என்றைக்கும் ஒத்துப்போகாது. 1881 மார்ச்சில் கர்னல் வில்லியம் ஷாஃப்டர் கோட்டைக்குத் தலைவராக வந்தார். பணத்தை அலுவலகப் பெட்டகத்தில் வைக்க வேண்டாம் என்று அவர் சொன்னதால், ஃபிளிப்பர் அதைத் தன் வீட்டு டிரங்குப் பெட்டியில் வைத்தார். வீட்டு வேலை செய்த பெண்ணும் அதே பெட்டியில் தன் துணிமணிகளை வைத்திருந்தார். இப்படியொரு ஏற்பாட்டை எந்த ஊர்த் தணிக்கைக்காரரிடமாவது சொல்லிப் பாருங்கள், நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார்.

கோடையில் எண்ணிப் பார்த்தபோது பணம் குறைந்தது. இங்கேதான் ஃபிளிப்பர் தவறினார். நேரே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சான் அன்டோனியோவில் இருந்த மேலிடத்துக்குப் பணத்தை அனுப்பிவிட்டதாக ஷாஃப்டரிடம் சொன்னார். துண்டு விழுந்த தொகைக்குச் சரியாக 1,440 டாலர் 43 சென்ட்டுக்குத் தன் பெயரில் ஒரு காசோலை எழுதிக் கணக்கில் காட்டினார். தன் வெஸ்ட் பாயிண்ட் அனுபவத்தை 1878இல் நூலாக எழுதியிருந்தார். அதற்கு வர வேண்டிய பணம் அந்த வங்கிக்கு வந்துவிடும் என்று நம்பியதாகப் பின்னால் விளக்கம் கொடுத்தார். வரவில்லை. ஏன் மறைத்தீர்கள் என்றதற்கு, ஷாஃப்டர் மேல் பயம், எனக்குக் குழி பறிக்கிறார்கள் என்று ஊரில் எச்சரித்தார்கள் என்றார். நான்கு வருடம் யாரும் முகம் பார்த்துப் பேசாத இடத்தில் அதிகாரியானவர், பணம் குறைகிறது என்று நம்பிப் போய்ச் சொல்ல அந்தக் கோட்டையில் யார் இருந்தார்? அதனால் பொய் பொய்யில்லை என்று ஆகிவிடாதுதான். அந்தப் பொய்க்குக் கொடுத்த விலையைத்தான் பார்க்க வேண்டும்.

குற்றச்சாட்டு, அந்தக் காசோலைத் தொகையையும் சேர்த்து மொத்தம் 3,791 டாலர் 77 சென்ட் கையாடல். குதிரைப்படை இரண்டாம் லெப்டினன்டின் ஆண்டுச் சம்பளம் 1,500 டாலர்; கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆகஸ்டில் கைது. அதிகாரியை அவர் குடியிருப்பிலேயே காவலில் வைப்பதுதான் வழக்கம். இவரை சிப்பாய்களின் காவல் கொட்டடியில், ஆறரை அடிக்கு நாலரை அடி அறையில், டெக்சஸ் வெயிலில் அடைத்தார்கள். மேலிடத்திலிருந்து ஆணை வந்த பிறகுதான் வெளியே விட்டார்கள். இதற்கிடையில் ஃபோர்ட் டேவிஸ் ஊர் வணிகர்களும் நண்பர்களும் கைக்காசு போட்டு முழுத் தொகையையும் கட்டிவிட்டார்கள். அரசுக்கு ஒரு சென்ட் நஷ்டமில்லை. பின்னால் திருப்பித் தந்துவிடுவார் என்று நம்பி ஊரே காசு இறக்கியதென்றால், அந்த ஆள் அங்கே எப்படிப் பழகியிருப்பார் என்று யோசிக்கலாம்.

ஷாஃப்டரை வெறும் வில்லனாக வரைவதும் எனக்கு உடன்பாடில்லை. உள்நாட்டுப் போரில் கறுப்பர் படைப்பிரிவு ஒன்றின் கர்னலாக இருந்தவர், தீரச் செயலுக்குப் பதக்கம் வாங்கியவர். பின்னாளில் 1898இல் கியூபாவில் சான்டியாகோ போரை நடத்திய தளபதியும் அவர்தான். கறுப்புச் சிப்பாய்களுக்குத் தலைமை தாங்குவதில் அவருக்குச் சிக்கல் இருந்ததில்லை. தனக்குச் சமமாக மேசையில் உட்காரும் கறுப்பு அதிகாரி என்பதுதான் அந்த ராணுவத்துக்கே பழக்கமில்லாத விஷயம். இன்னொரு கதையும் சொல்வார்கள்: ஒரு வெள்ளைக்காரப் பெண்ணோடு ஃபிளிப்பர் குதிரை சவாரி போனார், அதைப் பொறுக்காத இன்னொரு லெப்டினன்ட் பின்னாலிருந்து வேலை பார்த்தார் என்று. ஃபிளிப்பரே அதை எழுதியிருக்கிறார். எல்லாவற்றையும் ஒரு பொறாமைக் கதையாகச் சுருக்கிவிட்டால் நிறுவனம் தப்பித்துவிடும். அதனால் அதை அங்கேயே விட்டுவிடுகிறேன்.

ராணுவ நீதிமன்றம் செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை நடந்தது. கேப்டன் மெரிட் பார்பர் என்ற வெள்ளை அதிகாரி முன்வந்து அவருக்காக வாதாடினார், நன்றாகவே வாதாடினார். தீர்ப்பு: கையாடல் நிரூபிக்கப்படவில்லை, குற்றமில்லை. ஆனால் அதிகாரிக்குத் தகாத நடத்தை, குற்றவாளி. அன்றைய ராணுவச் சட்டமான போர் விதிகளில் 61ஆவது பிரிவு இது. அதில் குற்றவாளி என்றாலே பணிநீக்கம், நீதிபதிகளுக்கு வேறு வழி இல்லை. "சட்டம் அப்படி, என்ன செய்ய முடியும்?" என்று கேட்கிறவர்கள் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். பாதி வரைக்கும் அது சரி. அதே விதிகளில் அடுத்ததாக 62ஆவது பிரிவு இருக்கிறது: ஒழுங்குக்குக் கேடான நடத்தை. அதில் தண்டனையைக் கூட்டவும் குறைக்கவும் நீதிமன்றத்துக்கு உரிமை உண்டு. ஒருவர் செய்த தப்பை எந்தப் பிரிவில் வைக்கிறார்கள் என்பதில்தான் வேலை போவதும் நிற்பதும் இருந்தது. தவிர, தண்டனையைக் குறைக்க ஜனாதிபதிக்கு அதிகாரம் இருந்தது. ராணுவத்தின் தலைமைச் சட்ட அதிகாரி டேவிட் ஸ்வைம் கோப்பைப் படித்துவிட்டு, இந்த அளவு கடுமையாக வேறு எந்த அதிகாரியும் நடத்தப்பட்டதில்லை, தண்டனையைக் குறைக்கலாம் என்று எழுதினார். ஜனாதிபதி செஸ்டர் ஆர்தர் கேட்கவில்லை. 1882 ஜூன் 30ஆம் தேதியோடு ஃபிளிப்பரின் ராணுவ வாழ்க்கை முடிந்தது. அவருக்கு வயது 26.

இதே ஸ்வைம் இரண்டு வருடம் கழித்துக் கூண்டில் ஏறினார். வாஷிங்டனில் ஒரு வங்கி நிறுவனத்தோடு பண விவகாரம், ஏமாற்றப் பார்த்தார் என்று புகார். தகாத நடத்தை என்றுதான் அவர் மேலும் குற்றம் சாட்டினார்கள். ஆனால் நீதிமன்றம் அவரை 62ஆவது பிரிவுக்கு இறக்கிவிட்டது. தண்டனை போதாது என்று ஆர்தர் கோப்பைத் திருப்பித் திருப்பி அனுப்பியும், கடைசியில் கிடைத்தது 12 வருடப் பணி இடைநீக்கம், பாதிச் சம்பளத்தோடு. பிரிகேடியர் ஜெனரல் சம்பளத்தில் பாதி! நீதிமன்றம் மனது வைத்தால் எந்தப் பிரிவுக்கும் இறக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஃபிளிப்பர் விஷயத்தில் மனது வைக்கவில்லை.

எனக்கு இன்னும் பெரிதாகத் தோன்றுவது இதற்குப் பிறகு நடந்தவை. எல் பாசோவில் ஒரு சலவைக் கூடத்தில் கொஞ்ச நாள் வேலை பார்த்தார். பிறகு மெக்சிகோவில் நில அளவை. ஸ்பானிய மொழியைச் சட்ட நூல் மொழிபெயர்க்கும் அளவுக்குக் கற்றுக்கொண்டார். அரிசோனாவில் நொகாலெஸ் ஊரில் பொறியாளராக அலுவலகம் போட்டார். அந்த ஊர் நின்ற நிலமே பழைய மெக்சிகோ பட்டா ஒன்றின்படி தங்களுடையது என்று ஒரு தரப்பு வழக்குப் போட்டபோது, அளவையும் ஆவணமும் அலசி அரசுத் தரப்புக்குச் சாட்சி சொன்னார். ஊர்க்காரர்களின் வீடு வாசல் தப்பியது. அதன் பிறகு 1893 முதல் 1901 வரை நீதித்துறையின் சிறப்பு முகவர். பழைய ஆவணங்களில் எது அசல் எது போலி என்று கண்டுபிடிப்பது வேலை. நம்பத் தகாதவர் என்று ஒரு துறை துரத்திய ஆளிடம், அதே அரசின் இன்னொரு துறை போலிப் பத்திரங்களைப் பிடிக்கும் பொறுப்பைக் கொடுத்திருக்கிறது. ஸ்பானிய, மெக்சிகோ நிலச் சட்டங்களை அவர் ஆங்கிலத்தில் தொகுத்ததை அரசே 1895இல் அச்சிட்டது.

1921இல் உள்துறைச் செயலர் ஆல்பர்ட் ஃபாலுக்கு உதவியாளராக வாஷிங்டன் போனார். ஃபால் யாரென்று தெரியும்தானே? டீபாட் டோம் எண்ணெய் ஊழலில் லஞ்சம் வாங்கிச் சிறைக்குப் போன அமைச்சர். அந்த அலுவலகத்தில் பணியாற்றியும் ஃபிளிப்பர் மேல் ஒரு துரும்பும் ஒட்டவில்லை.

இத்தனைக்கும் நடுவில் அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். 1898இல் ஸ்பெயினுடன் போர் வந்தபோது சேவை செய்ய முன்வந்தார், எடுத்துக்கொள்ளவில்லை. பெயரைச் சீராக்கக் கோரி காங்கிரசில் மசோதா மேல் மசோதா வந்தது, ஒன்றும் தேறவில்லை. 1940இல் அட்லாண்டாவில், பிஷப்பான தம்பியின் வீட்டில் இறந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தன: ஜார்ஜியாவின் பள்ளி ஆசிரியர் ஒருவரும் குடும்பத்தாரும் முயன்று 1976இல் பணிநீக்கத்தை மரியாதையான விடுவிப்பாக மாற்ற வைத்தார்கள், மறு வருடம் வெஸ்ட் பாயிண்டில் சிலை, 1999 பிப்ரவரி 19இல் கிளிண்டன் கொடுத்த மன்னிப்பு. இறந்த ஒருவருக்கு அமெரிக்க ஜனாதிபதி தந்த முதல் மன்னிப்பு அது என்று பெருமையாகச் சொல்வார்கள். 1976இல் அந்த முறையீட்டை விசாரித்த ராணுவ வாரியம் தண்டனை அதிகம் என்று ஒப்புக்கொண்டது. ஆனால் ராணுவ நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்யத் தனக்கு அதிகாரமில்லை என்றும் சொல்லிவிட்டது. 1999இன் மன்னிப்பும் தீர்ப்பைத் தொடவில்லை. எனக்கு இதில் பெரிய சந்தோஷமில்லை. 42 வயதில் திரும்ப வேலை கேட்டு நின்றவருக்குப் பதில் சொல்லாத நாடு, அவர் செத்து 59 வருடம் கழித்துக் கையெழுத்துப் போட்டது. அந்தக் கையெழுத்துக்கு யாருக்கும் ஒரு செலவும் இல்லை.

வெஸ்ட் பாயிண்டில் அவர் பெயரில் வருடாவருடம் ஒரு விருது கொடுக்கிறார்கள், கடும் சோதனைகளைத் தாண்டி வந்த மாணவருக்கு. கொடுக்கட்டும். கூடவே அந்த வழக்குக் கோப்பையும் ஸ்வைம் கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்ல வேண்டும் என்பேன், 1,440 டாலர் காசோலை உட்பட.