எரிக் டால்ஃபியை அவருடைய சாவிலிருந்து கேட்காதீர்கள்

ஜூன் 29, 1964-இல் அமெரிக்க ஜாஸ் கலைஞர் எரிக் டால்ஃபி இறந்த நாள். அது நெருங்கினால் ஜாஸ் கேட்பவர்கள் அவரை நினைத்து எழுதத் தொடங்கிவிடுவார்கள். படித்துப் பாருங்கள், பெரும்பாலும் சாவுச் செய்தியாகத்தான் இருக்கும். 36 வயது, பெர்லின், யாரும் கண்டுபிடிக்காத சர்க்கரை நோய், கடைசியில் 'இன்னும் பத்து வருடம் இருந்திருந்தால்' என்று ஒரு பெருமூச்சு. அந்தப் பெருமூச்சுதான் எனக்கு ஆகவில்லை. வாசித்து வைத்துவிட்டுப் போனதை உட்கார்ந்து கேட்காமல், வாசிக்காமல் போனதற்காக அழுவது என்ன அஞ்சலி? டால்ஃபி தன் பெயரில் போட்ட முதல் இசைத்தட்டான 'அவுட்வர்ட் பவுண்ட்' 1960 ஏப்ரல் 1 அன்று பதிவானது. 'லாஸ்ட் டேட்' என்ற பெயரில் விற்கப்படும் தட்டு 1964 ஜூன் 2 அன்று பதிவானது. நான்கு வருடம், இரண்டு மாதம். அதற்குள் ஆல்டோ சாக்ஸபோன், புல்லாங்குழல், தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பெரிய கிளாரினெட்டான பேஸ் கிளாரினெட் என மூன்று வாத்தியங்களில் அவர் செய்து முடித்ததைப் பார்த்தால், பாதியில் போனவர் என்ற பேச்சுக்கே இடமில்லை.

30 வயது வரை அவரை வெளியூரில் பலருக்குத் தெரியாது. 1928-இல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தவர், பெற்றோர் பனாமாவிலிருந்து வந்தவர்கள், ஒரே பிள்ளை. வீட்டுக் கொல்லைப்புறத்தில் மகன் சாதகம் செய்வதற்கென்றே ஓர் அறை கட்டிக் கொடுத்தார்கள். ஊருக்கு வரும் இசைக்கலைஞர்கள் பலர் அங்கே வந்து கூடி வாசித்துவிட்டுப் போவார்கள். கல்லூரி, ராணுவம், மறுபடி உள்ளூர்க் குழுக்கள் என்று வருடங்கள் ஓடின. 1958-இல் டிரம்ஸ் கலைஞர் சிகோ ஹாமில்டனின் குழுவில் இடம் கிடைத்த பிறகுதான் நாடறியத் தொடங்கியது. 1959 முடிவில் நியூயார்க், அங்கே பேஸ் (பெரிய தந்தி வாத்தியம்) கலைஞர் சார்லஸ் மிங்கஸின் குழு. ஆகவே 1960-இல் பதிவுக்கூடத்துக்குள் நுழைந்தவர் கற்றுக்குட்டி இல்லை. பல வருடச் சாதகத்தை உள்ளே தேக்கி வைத்துக்கொண்டு வந்தவர். முதல் தட்டிலேயே தடுமாற்றம் தெரியாததற்குக் காரணம் அதுதான்.

அவர்மேல் ஒட்டிய 'அவான்-கார்ட்', அதாவது மரபை உடைக்கும் புதுமைக்காரர், என்ற முத்திரையும் எனக்கு முழுதாக ஒப்பவில்லை. 1960 டிசம்பர் 21-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரே நாளில் டால்ஃபி இரண்டு பதிவுகளில் வாசித்தார். ஒன்று சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மனின் 'ஃப்ரீ ஜாஸ்': இரண்டு நால்வர் குழுக்கள் ஒரே நேரத்தில், முன்கூட்டி வகுத்த கார்டு (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக் கூட்டு) வரிசை இல்லாமல், 37 நிமிடங்கள். அதில் டால்ஃபி பேஸ் கிளாரினெட். மற்றொன்று அவருடைய சொந்தத் தட்டான 'ஃபார் க்ரை'. அதில் பழைய ஆல்டோ மேதை சார்லி பார்க்கருக்கு மரியாதை செய்யும் உருப்படிகள் இருக்கின்றன. 'டெண்டர்லி' என்ற பழைய காதல் பாட்டைத் துணை வாத்தியம் எதுவும் இல்லாமல் ஆல்டோவில் தனியாக வாசிக்கிறார். மரபை உதறியவர் என்று அவரைச் சொல்பவர்கள் இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்க வேண்டும். ஆல்டோவில் அவர் சுரம் சுரமாக ஏறி இறங்குவது குறைவு. ஒரு ஸ்தாயியைத் தாண்டி அடுத்ததற்குக் குதிப்பார். முதலில் கேட்பவருக்குத் திசையே புரியாது. ஆனால் அந்தச் சுரங்களெல்லாம் அந்தச் சுருதிக்கும் கார்டுக்கும் பொருந்துபவையாகவே தன் காதில் விழுகின்றன, தான் அவற்றை விட்டு வெளியே போவதில்லை என்று அவரே தெளிவாகச் சொல்லியிருக்கிறார். நான் அதை அப்படியே நம்புகிறேன். அவர் குதித்து வந்து இறங்கும் சுரத்தைக் கூர்ந்து கேட்டால் நீங்களும் நம்புவீர்கள்.

1961-இல் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் குழுவில் அவர் சேர்ந்து வாசித்தபோது டவுன்பீட் பத்திரிகையில் ஒரு விமர்சகர் அதை ஜாஸுக்கு எதிரானது என்று எழுதினார். அடுத்த ஆண்டு அதே பத்திரிகை இருவரையும் பேச அழைத்தது. டால்ஃபி கோபப்படவில்லை. கலிபோர்னியாவில் வீட்டில் வாசிக்கும்போது பறவைகள் கூடவே பாடும், சாதகத்தை நிறுத்திவிட்டு அவற்றோடு சேர்ந்து வாசிப்பேன் என்றார். நம் சுரங்களுக்கு நடுவில் பறவைகளுக்குச் சுரங்கள் இருக்கின்றன, இந்திய இசையிலும் அந்தக் குணம் உண்டு என்றார். கமகத்தைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது ஒன்றும் புரட்சிக் கருத்து இல்லை. இரண்டு சுரத்துக்கு நடுவே நின்று அசைவதைக் கேட்டு 'ஆஹா' சொல்லிப் பழகிய காதுதானே? டால்ஃபியைக் கேட்க நம்மவர்கள் தயங்குவதற்கு எந்த நியாயமும் இல்லை என்று நான் சொல்வது இதனால்தான். அவருடைய 'அவுட் டு லன்ச்' தட்டின் முதல் உருப்படி 'ஹேட் அண்ட் பியர்ட்', பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க்கை நினைத்து எழுதியது. ஐந்தும் நான்குமாக ஒன்பது அடிகளில் ஓடுகிறது. கையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்டுப் பாருங்கள், பயம் போய்விடும்.

எனக்கு மிக நெருக்கமான பதிவு மிங்கஸுடையது. 1960 அக்டோபரில் பதிவான 'வாட் லவ்'. பியானோ கிடையாது, மிங்கஸின் பேஸ், டேனி ரிச்மண்டின் டிரம்ஸ், டெட் கர்சனின் ட்ரம்பெட், டால்ஃபி. பாட்டின் பிற்பகுதியில் மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ள, பேஸும் பேஸ் கிளாரினெட்டும் பேசத் தொடங்குகின்றன. பேச்சு என்று நான் உவமைக்காகச் சொல்லவில்லை. மிங்கஸ் நரம்பை அதட்டி இழுக்கிறார். டால்ஃபி தாழ்ந்த குரலில் முனகிச் சமாதானம் சொல்கிறார். மிங்கஸ் விடுவதாக இல்லை, அதே கேள்வியை இன்னும் உரக்கக் கேட்கிறார். டால்ஃபி திடீரென்று மேல் ஸ்தாயிக்குத் தாவிக் கத்துகிறார், பிறகு இறங்கி வந்து மெல்ல இழுக்கிறார். இடையில் ஒரு மௌனம், அதன்பின் இருவரும் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டுகிறார்கள். டால்ஃபி குழுவை விட்டுப் போகப்போவதைப் பற்றிய வாக்குவாதம் அது என்று சொல்வார்கள். அந்தக் கதை தெரியாவிட்டாலும் உறவின் சூடு காதில் சுடும். அவருக்கு முன் ஜாஸில் பேஸ் கிளாரினெட்டைத் தனி வாத்தியமாக எடுத்து வாசித்தவர்கள் மிகக் குறைவு. அவருக்குப் பின் அதைக் கையில் எடுத்த யாரும் அவரைத் தாண்டி நடந்துவிட முடியாது.

புல்லாங்குழலைப் பற்றி எழுதாமல் முடித்தால் பாவம். சாக்ஸபோன்காரர்கள் பலர் ஒரு மாறுதலுக்காகக் குழலை எடுப்பார்கள். டால்ஃபி அதைத் தனி வாத்தியமாக மதித்தார். 1962-இல் ஓஹாய் இசைவிழாவில் இசையமைப்பாளர் எட்கர் வரேஸின் தனிக்குழல் உருப்படியான 'டென்சிட்டி 21.5'-ஐ வாசித்தார். இத்தாலியக் குழல் மேதை செவெரினோ கட்செல்லோனியின் பெயரிலேயே ஓர் உருப்படி எழுதினார். எல்லாவற்றுக்கும் மேல் 'லாஸ்ட் டேட்' தட்டில் இருக்கும் 'யூ டோன்ட் நோ வாட் லவ் இஸ்'. நெதர்லாந்தின் ஹில்வர்சம் நகரில் அந்நாட்டு மூவர் குழுவோடு வாசித்தது: பியானோவில் மிஷா மெங்கல்பெர்க், பேஸில் ஜாக் ஸ்கோல்ஸ், டிரம்ஸில் ஹான் பென்னிங்க். பேஸ் நரம்பை வில்லால் இழைக்க, அதன்மேல் குழல் எழும்புகிறது. அங்கிருந்து பதினோரு நிமிடத்துக்கு மேல் ஒரு மூச்சுகூட வீணாகவில்லை. மெட்டின் ஒரு சொல்லை எடுத்துத் திருப்புகிறார், அதன் வாலைப் பிடித்து மேலே போகிறார், திரும்பி வரும்போது பாட்டின் துக்கம் அப்படியே இருக்கிறது. கடைசியில் தனிக்குழலாக நிற்கும்போது அவர் மூச்சு எடுப்பதுகூட இசைக்குள் சேர்ந்துவிடுகிறது. அவரைக் கடினம் என்று சொல்பவர்களுக்கு நான் முதலில் அனுப்புவது இதைத்தான்.

அந்தத் தட்டின் முடிவில் டால்ஃபியின் பேச்சுக் குரல் வருகிறது. இசை முடிந்ததும் காற்றில் கலந்துவிடுகிறது, மறுபடி அதைப் பிடிக்கவே முடியாது என்கிறார். உலகம் முழுக்க இதை அவருடைய மரண சாசனமாக்கிவிட்டார்கள். ஒரு பேட்டியில், வேலையில் மும்முரமாக இருந்த ஒரு கலைஞர் தன் தொழிலைப் பற்றிச் சொன்ன சாதாரண உண்மை அது. அப்போது அவருக்குச் சாகும் எண்ணம் எதுவும் இல்லை. மிங்கஸின் ஐரோப்பியப் பயணம் முடிந்தபின் அங்கேயே தங்கவும், பாரிஸில் திருமணம் செய்துகொள்ளவும் ஏற்பாட்டில் இருந்தார். முன்னே பார்த்துக்கொண்டிருந்த ஒருவரின் வாயில் நாம் ஒப்பாரியைத் திணித்திருக்கிறோம்.

சாவைப் பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் அதில் கோபப்பட வேண்டியது இருக்கிறது. ஜூன் கடைசியில் பெர்லினில் ஒரு கிளப்பில் வாசிக்க வந்தவர் நிற்கவும் முடியாமல் சரிந்தார். மருத்துவமனையில் இறந்தார். கறுப்பின ஜாஸ் கலைஞர் என்றதும் போதைப்பொருள்தான் காரணம் என்று மருத்துவர்கள் நினைத்து, தெளியட்டும் என்று விட்டுவிட்டார்கள் என அவருடன் வாசித்தவர்கள் பிறகு சொன்னார்கள். டால்ஃபி குடிக்கமாட்டார், போதையைத் தொடமாட்டார். தட்டுகள் விற்காமல், நிலையான வேலை கிடைக்காமல் அமெரிக்காவை விட்டு வந்த மனிதர். டவுன்பீட் தன் கௌரவப் பட்டியலில் அவரைச் சேர்த்தது அதே 1964-இல், இறந்த பிறகு. 'அவுட் டு லன்ச்' கடைக்கு வந்ததும் இறந்த பிறகுதான். மிங்கஸ் தன் மகனுக்கு எரிக் டால்ஃபி மிங்கஸ் என்று பெயர் வைத்தார். டால்ஃபியின் தாயார் மகனுடைய புல்லாங்குழலையும் பேஸ் கிளாரினெட்டையும் கோல்ட்ரேனிடம் கொடுத்தார். 1967-இல் கோல்ட்ரேன் பதிவு செய்த 'டு பீ'-யில் அவர் குழல் வாசிப்பதைக் கேட்கலாம்.

கேட்க விரும்புபவர்கள் தயவுசெய்து 1964-இல் தொடங்கிப் பின்னோக்கி வராதீர்கள். குழலுக்காக நான் அனுப்பும் அந்த ஓர் உருப்படி மட்டும் விதிவிலக்கு. 'அவுட்வர்ட் பவுண்ட்'-இல் தொடங்குங்கள். ஆலிவர் நெல்சனின் 'ஸ்டோலன் மொமெண்ட்ஸ்'-இல் அவருடைய குழலைத் தேடிக் கேளுங்கள். 1961 ஜூலையில் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் ட்ரம்பெட் கலைஞர் புக்கர் லிட்டிலோடு வாசித்த பதிவுகளுக்கு ஓர் இரவை ஒதுக்குங்கள். அந்தக் கிளப்பின் பியானோ சுருதி சேராமல் இருப்பதை ஐந்தாவது நிமிடத்தில் மறந்துவிடுவீர்கள். அந்த ட்ரம்பெட்காரர் மூன்றே மாதத்தில், 23 வயதில் இறந்தார் என்பதை அன்றைக்கு நினைக்க வேண்டாம். பிறகு 1963-இன் பதிவுகள். அவற்றின் மூல நாடாக்களை டால்ஃபி ஐரோப்பா போகுமுன் நண்பர்களிடம் ஒரு பெட்டியில் விட்டுச் சென்றார். அவை புல்லாங்குழல் கலைஞர் ஜேம்ஸ் நியூட்டனிடம் போய்ச் சேர்ந்து, வெளிவராதிருந்த வாசிப்புகளோடு 2018-இல் முழுதாக வெளிவந்தன. அதில் ரிச்சர்ட் டேவிஸின் பேஸும் டால்ஃபியின் பேஸ் கிளாரினெட்டும் மட்டும் வாசிக்கும் 'அலோன் டுகெதர்' இருக்கிறது. 13 நிமிடங்கள். அதைக் கேட்ட பிறகும் அவர் பாதியில் நின்றவர் என்று உங்களுக்குத் தோன்றினால் கீழே எழுதுங்கள், விவாதிக்கத் தயாராக இருக்கிறேன்.