குறை எண்ணைக் கண்டதும் குறியைத் திருப்பலாமா?

அசமன்பாட்டில் (இரு பக்கங்களை <, > போன்ற குறியால் ஒப்பிடும் கூற்றில்) எங்கேனும் குறை எண் தென்பட்டாலே அந்தக் குறியைத் திருப்பிவிட வேண்டும் என்று மாணவர்களிடையே பரவிவரும் குறுக்குவழி தவறானது. 2ப < −6 என்பதில் இரு பக்கங்களையும் 2 என்ற மிகை எண்ணால்தான் வகுக்கிறோம் என்பதால், குறி மாறாமல் ப < −3 என்றே விடை வரும். திருப்பி ப > −3 என எழுதினால் 0-உம் தீர்வாகிவிடும், ஆனால் அதைப் பிரதியிட்டாலோ 0 < −6 என்ற பொய்யான கூற்றே கிடைக்கிறது. (இப்படி ஓர் எண்ணைப் பிரதியிட்டுச் சரிபார்ப்பதை ஒருபோதும் விட்டுவிடக் கூடாது.)

இரு பக்கங்களையும் குறை எண்ணால் பெருக்கும்போதும் வகுக்கும்போதும் மட்டுமே குறி திரும்பும். −1ஆல் பெருக்கினால் எண்கோட்டில் எண்கள் 0-க்கு மறுபுறம் சென்றுவிடுவதால், 2 < 5 என்பது −2 > −5 ஆகிறது. கூட்டலிலும் கழித்தலிலும் வரிசை குலைவதில்லை.

ப < −3 என்பதை எண்கோட்டில் வரைய, −3-இல் நிரப்பாத வட்டமிட்டு இடப்புறமாகக் கோடிட வேண்டும்.