சென்டரை விட்டு வெளியே வந்த பிறகு

போதைப் பழக்கத்தில் சிக்கியவரைப் பற்றி என்னிடம் பேச வருகிறவர்கள் எல்லோருக்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "எந்த சென்டர் நல்லா இருக்கும்ணா?" எவ்வளவு ஆகும், எத்தனை நாள் வைத்திருப்பார்கள், போன் பேச விடுவார்களா என்று அடுத்தடுத்துக் கேட்பார்கள். நியாயமான கேள்விகள்தான். ஆனால் வெளியே வந்த மறுநாள் காலையில் அவன் எங்கே போவான், சாயங்காலம் ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரை யாரோடு இருப்பான் என்று கேட்டவர்கள் ரொம்பக் குறைவு. என்னைப் பொறுத்தவரை சிகிச்சையின் பெரிய பாதி அந்த மறுநாள் காலையில்தான் தொடங்குகிறது. அந்தப் பாதிக்கு நம் வீடுகளில் பணமும் ஒதுக்குவதில்லை, பொறுமையும் மிச்சம் இருப்பதில்லை.

நான் திருப்பூரில் செக்கிங், பேக்கிங் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறேன். மருத்துவன் இல்லை. என் சித்தி மகன் மாத்திரைக்கு அடிமையாக இருந்து மீண்டு வந்தவன். அவன் வழியாக இன்னும் சிலர் என் யூனிட்டுக்கு வேலைக்கு வந்தார்கள். அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். யார் பெயரும் போடவில்லை.

மாத்திரை என்று நான் சொல்வது டேபென்டடால். கடுமையான வலி உள்ளவர்களுக்கு டாக்டர் எழுதித் தருகிற வலி மாத்திரை. அபினும் ஹெராயினும் மூளையில் எந்த இடத்தைப் பிடிக்கிறதோ அதே இடத்தை இதுவும் பிடிக்கும். தமிழ்நாட்டில் பல ஊர்களில் பையன்கள் இதை ஊசியாக ஏற்றிக்கொள்கிறார்கள். விழுங்குவதற்காகச் செய்த மாத்திரை அது. அதில் கலந்திருக்கும் மற்ற பொருட்கள் ரத்தக் குழாயை அடைத்து, கை வீங்கிச் சீழ் பிடிக்கும். ஊசியைப் பகிர்ந்துகொண்டால் ஹெபடைட்டிஸ் சி, எச்.ஐ.வி. வரை போகும். என் தம்பியின் முழங்கையை முதல்முறை பார்த்தபோது சித்தி அதைத் தீக்காயம் என்று நினைத்தார்.

நிறுத்திய முதல் வாரம் நரகம். உடம்பு முழுக்க வலி, வயிற்றுப்போக்கு, மூக்கில் நீர், ஓயாத கொட்டாவி, தூக்கமே இல்லாத இரவுகள். குடிக்கு அடிமையானவர்கள் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வந்து உயிரே போகலாம். அதனால் டாக்டர் மேற்பார்வை இல்லாமல் வீட்டில் பூட்டி வைத்து நிறுத்தவே கூடாது. இந்தக் கட்டத்தைக் கடக்க மருத்துவமனை கட்டாயம் வேண்டும். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஆனால் உடம்பு தெளிந்த பிறகும் மனசு தெளிய மாதக்கணக்கில் ஆகும். சாப்பாடு ருசிக்காது, பாட்டுப் பிடிக்காது, யார் பேசினாலும் எரிச்சல் வரும். இத்தனை காலம் செயற்கையாகக் கிடைத்த சந்தோஷத்துக்குப் பழகிய மூளை, சாதாரண சந்தோஷத்தை மறுபடி உணர நேரம் எடுத்துக்கொள்கிறது. வீட்டில் இருப்பவர்களுக்கு இது தெரியாது. "இவ்வளவு செலவு பண்ணியும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டே இருக்கான்" என்பார்கள். அவன் பாத்ரூமில் பத்து நிமிடம் இருந்தால் கதவைத் தட்டுவார்கள், சட்டைப் பையைத் தடவுவார்கள். அவர்கள் பட்டதை நினைத்தால் அதையும் தவறென்று சொல்ல முடியவில்லை. ஆனால் அந்தச் சந்தேகத்துக்கு நடுவில்தான் அவன் தினமும் கண் விழிக்கிறான்.

இந்தக் காலத்தைப் பற்றி எல்லா வீடுகளுக்கும் தெரிய வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. பல வாரங்கள் நிறுத்திய உடம்புக்குப் பழைய அளவைத் தாங்கும் சக்தி போய்விடும். வெளியே வந்தவன் ஒரு நாள் தடுமாறி, முன்பு எடுத்த அதே அளவை எடுத்தால் மூச்சு நின்று போகலாம். சென்டரிலிருந்தோ ஜெயிலிலிருந்தோ வெளியே வந்த முதல் சில வாரங்கள்தான் ஓபியாய்டு, அதாவது அபின் வகைப் போதைப் பழக்கம் உள்ளவர்களுக்கு உயிர் ஆபத்து மிக அதிகமான காலம். "அதான் ட்ரீட்மெண்ட் முடிஞ்சிருச்சே" என்று குடும்பம் மூச்சு விடுகிற அதே வாரங்கள். டிஸ்சார்ஜ் அன்று கையில் பில்லைக் கொடுப்பவர்கள் இதையும் உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

வெளியே இருக்கும் சூழல் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு பழைய ஆய்வைச் சொல்கிறேன். வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களிடம் ஹெராயின் பரவலாக இருந்தது. 1971இல் அதிபர் நிக்சன் அரசு கலங்கிப்போனது. ஊர் திரும்பியவர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் தொடர்ந்து கவனித்தார். அங்கே இருந்தபோது ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அடிமையாகி இருந்தார்கள். ஊர் திரும்பிய முதல் வருடத்தில் அவர்களில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம் மட்டுமே. அதே நாட்டில் கென்டக்கி மாநிலம் லெக்சிங்டனில் 1935 முதல் அரசே நடத்திய பெரிய சிகிச்சை மருத்துவமனை இருந்தது. அங்கே மாதக்கணக்கில் தங்கித் தெளிந்து போனவர்களில் பெரும்பாலோர் மறுபடி பழக்கத்துக்குத் திரும்பினார்கள். சிப்பாய்கள் போதைப்பொருள் கிடைத்த இடத்தையும் போரையும் விட்டு விலகி வீட்டுக்கு வந்தார்கள். லெக்சிங்டனில் இருந்தவர்கள் எந்தத் தெருவில் பழகினார்களோ அதே தெருவுக்குத் திரும்பிப் போனார்கள். வேறு காரணங்களும் இருக்கும், சிப்பாய்களில் பலர் சின்ன வயதுக்காரர்கள், கொஞ்ச காலமே பழகியவர்கள். ஆனாலும் தெருவை ஒதுக்கிவிட்டு இதைப் பேச முடியாது என்பதே நான் எடுத்துக்கொண்டது.

எல்லோரும் ஊர் மாற முடியாது. அப்படியானால் இருக்கிற ஊருக்குள்ளேயே வேறு ஒரு வாழ்க்கையை அமைத்துக் கொடுக்க வேண்டும். அதில் முதல் இடம் வேலைக்கு.

திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம். வாரம் முழுக்க நன்றாக இருந்தவனுக்கு, கையில் பணத்தோடு கேட்டைத் தாண்டுகிற அந்த நேரம்தான் கண்டம். சம்பள நாள் பழைய கூட்டாளிகளுக்கும் தெரியும், வண்டியோடு வந்து நிற்பார்கள். இது எனக்கு உரைத்ததே ஒரு பையன் சொல்லித்தான். "அண்ணா, சனிக்கிழமை என் கையில பணம் குடுக்காதீங்க. அம்மா அக்கவுண்ட்ல போட்டுடுங்க. பஸ்ஸுக்கும் டீக்கும் மட்டும் தினமும் குடுங்க போதும்." அப்படியே செய்தோம். சில மாதம் கழித்து, "இனி என் அக்கவுண்ட்லயே போடுங்கண்ணா" என்று அவனே வந்து சொன்னான். இதை அவர்களாகக் கேட்டால் மட்டும் செய்யுங்கள். ஆளைக் கேட்காமல் சம்பளத்தைப் பிடித்து வைத்தால் அவன் போய்விடுவான், போக வேண்டியதுதான்.

இன்னும் சிலது உண்டு. முதல் ஆறு மாதம் நைட் வேலை வேண்டாம். ஷிப்மென்ட் நெருக்கடியில் விடிய விடிய வேலை பார்த்தால் தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் ஆசை தலைதூக்கும். கவுன்சிலிங்குக்கும் மருந்து வாங்கவும் போகிற நாளுக்குச் சம்பளம் பிடிக்காதீர்கள். ஃப்ளோரில் எல்லோருக்கும் அவன் கதையைச் சொல்லாதீர்கள், அதைச் சொல்வதா வேண்டாமா என்பது அவன் முடிவு. காயம் பட்டாலோ பல் பிடுங்கினாலோ டாக்டரிடம் பழைய பழக்கத்தைச் சொல்லும்படி தைரியம் கொடுங்கள். எங்களிடம் இருக்கும் ஒருவர் பல் டாக்டரிடம் நேராகச் சொன்னார். "முன்னாடி மாத்திரைக்கு அடிமையா இருந்தேங்க, அந்த வகை எனக்கு வேண்டாங்க." சாதாரண வலி மாத்திரையிலேயே சமாளித்துவிட்டார். அந்த ஒரு வரியைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

"திருடிட்டுப் போயிட்டா?" என்று சக முதலாளிகள் கேட்கிறார்கள். வேலைக்கு வந்த எல்லோரும் நிலைத்துவிட்டார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். ஒருவர் மறுபடி ஆரம்பித்து, சொல்லாமல் நின்றுவிட்டார். அப்புறம் சிகிச்சைக்குப் போய்த் திரும்பி வந்தார், இன்று பேக்கிங்கில் அவர்தான் பொறுப்பு. போதை நோயில் மறுபடி விழுவது 40 முதல் 60 சதவீதம் பேருக்கு நடக்கிறது என்று அமெரிக்க தேசியப் போதைப்பொருள் ஆய்வு நிறுவனம் சொல்கிறது. ரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா நோயாளிகள் சிகிச்சையில் பின்வாங்குவதும் அதற்குக் குறையாத அளவுதான். பிரஷர் மறுபடி ஏறிவிட்டது என்று வருகிறவரை யாரும் வீட்டை விட்டுத் துரத்துவதில்லை. மருந்தை மாற்றிப் பார்க்கிறோம். மறுபடி விழுந்தவனிடமும் கேட்க வேண்டியது எங்கே, எப்போது, யாரோடு என்பதைத்தான். அந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் அடுத்த முறைக்கு ஏதாவது செய்ய முடியும்.

மருந்து பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில் படித்தவர்களே தடுமாறுகிறார்கள். ஓபியாய்டு அடிமைப் பழக்கத்துக்கு புப்ரினார்பின் என்ற மருந்தைக் கொடுக்கிறார்கள். ஆசையையும் உடல் வேதனையையும் அடக்கி, மனிதனை வேலைக்குப் போகிற நிலையில் வைத்திருக்கும். 2005இல் உலக சுகாதார நிறுவனம் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவில் ஊசி போடுகிறவர்களுக்கு தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் மையங்களில் இலவசமாகக் கொடுக்கிறார்கள். "மாத்திரையை நிறுத்த இன்னொரு மாத்திரையா? இது என்ன வைத்தியம்?" என்று என் தம்பியிடம் உறவுக்காரர் ஒருவர் கேட்டுவிட்டார். அவன் வெட்கப்பட்டு டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினான். அடுத்து நடந்ததை நான் எழுத விரும்பவில்லை, உயிரோடு கிடைத்தான், அவ்வளவுதான். தயவுசெய்து அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்காதீர்கள். எவ்வளவு காலம் சாப்பிட வேண்டும் என்பது அவனுக்கும் டாக்டருக்கும் நடுவில் இருக்கட்டும்.

அப்புறம் அந்த ஆறு மணி முதல் ஒன்பது மணி வரை. 1935 மே மாதம் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில், வியாபார முயற்சி தோற்றுப்போய் ஒரு ஹோட்டல் லாபியில் நின்றிருந்தார் பில் வில்சன். குடியை நிறுத்திச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தது. பக்கத்தில் பார், உள்ளே சிரிப்புச் சத்தம். அவர் போன் இருந்த பக்கம் போனார். தன்னைப் போல இன்னொரு குடிநோயாளியிடம் பேசினால் தப்பிக்கலாம் என்று தோன்றி, தேவாலயப் பட்டியலைப் பார்த்துக் கூப்பிட ஆரம்பித்தார். அப்படிக் கிடைத்தவர்தான் டாக்டர் பாப் ஸ்மித். அந்தச் சந்திப்பில் பிறந்ததுதான் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) என்ற, குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடிப் பேசுகிற அமைப்பு. போதைப்பொருள் பழக்கத்துக்கு அதே மாதிரியான என்.ஏ. (நார்காட்டிக்ஸ் அனானிமஸ்) 1953இல் கலிபோர்னியாவில் தொடங்கியது. இரண்டுக்கும் கட்டணம் கிடையாது, தமிழ்நாட்டிலும் கூட்டங்கள் நடக்கின்றன. என் தம்பிக்கு இந்தக் கூட்டம் பிடித்துப்போனது. கடவுள் பேச்சு ஒத்துவரவில்லை என்று வராமல் நின்றவர்களும் உண்டு, அவர்கள் கவுன்சிலரோடும் வாலிபால் கிரவுண்டோடும் தேறினார்கள். எதுவாக இருந்தாலும், அந்த நேரத்துக்கு ஒரு மனிதக் கூட்டம் வேண்டும்.

குடும்பத்துக்கும் சிகிச்சை வேண்டும். இதை நம் மண்ணில் ஆரம்பத்திலேயே உணர்ந்தவர் சாந்தி ரங்கநாதன். கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தவர், 1980இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையைத் தொடங்கினார். அங்கே நோயாளிக்கு மட்டுமல்ல, குடும்பத்துக்கும் தனியாகத் திட்டம் வைத்தார்கள். சித்திக்கு அப்படி ஒன்று கிடைத்திருந்தால் அந்த இரண்டு வருடங்களை இவ்வளவு தனியாகத் தாண்டியிருக்க மாட்டார்.

"ஒரு கல்யாணம் பண்ணி வெச்சா பொறுப்பு வந்துரும்" என்கிறார்கள். எனக்கு இதைக் கேட்டாலே கோபம் வருகிறது. ஒரு பெண்ணின் வாழ்க்கை யாருக்கும் மருந்து ஆகாது. பெண்களே பழக்கத்தில் சிக்கினால் குடும்பம் மூடி மறைத்துவிடுகிறது, அவர்களுக்கான மையங்களும் குறைவு.

சென்டரைப் பற்றியும் இரண்டு வார்த்தை. தம்பியை முதலில் சேர்த்த இடத்தில் அடித்தார்கள், இரவில் காலைக் கட்டிப்போட்டார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் மது, போதைப்பொருள் சார்ந்த மனநலக் கோளாறுகளும் அடங்கும். அந்தச் சட்டப்படி சங்கிலியால் கட்டுவது குற்றம், மையத்துக்குப் பதிவும் கட்டாயம். பதிவுச் சான்றைக் கேளுங்கள், டாக்டர் தினமும் வருகிறாரா என்று கேளுங்கள், டிஸ்சார்ஜுக்குப் பிறகு எத்தனை மாதம் தொடர்பில் இருப்பீர்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாத இடத்தில் சேர்க்காதீர்கள். போலீஸ் பயத்தால் சிகிச்சைக்கே போகாமல் இருப்பவர்களும் உண்டு. அடிமையானவர் தானாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சையை முழுதாக எடுத்துக்கொண்டால், பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்குத் தொடராமல் பாதுகாப்புத் தர போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலேயே 64ஏ என்ற பிரிவு இருக்கிறது. ஒரு வக்கீலிடம் பேசிவிட்டுத் தைரியமாகப் போங்கள்.

தம்பி இப்போது பிளாட்லாக் டைலர். பீஸ் ரேட்டில் தைக்கிறான். அடகுக் கடையில் இருந்த சித்தியின் செயினை அவன் சம்பளத்திலேயே மீட்டான். அவனுக்குக் கடன் கொடுத்தவர்கள், அவனிடம் ஏமாந்தவர்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறான், ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு வருகிறான். இன்னும் சிலர் அவனிடம் பேசுவதில்லை. அதற்காக அவன் யார் மேலும் கோபப்படுவதில்லை.

உதவி வேண்டுகிறவர்களுக்கு: மத்திய அரசின் போதை மீட்பு இலவச உதவி எண் 14446. மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416. திருப்பூர், அவிநாசி, பல்லடம் பக்கம் யூனிட் வைத்திருப்பவர்கள், சிகிச்சை முடித்து வந்த ஒரே ஒருவருக்குப் பகல் ஷிப்ட் வேலை கொடுக்க முடியும் என்றால் எனக்கு மெசேஜ் பண்ணுங்கள். செக்கிங், மடிப்பு, அயர்ன், எதுவானாலும் சரி. வேலைக்குக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.