10 புள்ளியையும் 112 புள்ளியையும் அப்படியே ஒப்பிட முடியாது

ஐஸ் ஹாக்கியில் 2020 என்.எச்.எல். டிராஃப்டுக்கு (வட அமெரிக்காவின் முதன்மை லீக்கின் அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முந்தைய சீசனில் லூகாஸ் ரேமண்ட் ஸ்வீடனில் 33 ஆட்டத்தில் 10 புள்ளிதான் (அடித்த கோலும் கோலுக்குச் செய்த உதவியும் சேர்ந்த கணக்கு), அலெக்சிஸ் லாஃப்ரெனியர் கனடாவில் 52 ஆட்டத்தில் 112, ஆகவே ஐரோப்பாவில் ஆடும் பையன்கள் தரம் குறைந்தவர்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எண்கள் சரி, முடிவு தவறு.

லாஃப்ரெனியர் ஆடியது கியூபெக் ஜூனியர் லீக். எதிரே நின்றவர்கள் பெரும்பாலும் 16 முதல் 20 வயதுக்காரர்கள். அணியின் முதல் வரிசை, பவர்பிளே (எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் நேரம்) எல்லாம் அவருக்குத்தான். ரேமண்ட் 17 வயதில் ஸ்வீடனின் ஃப்ரோலுண்டா கிளப்பின் சீனியர் அணியில், சம்பளத்துக்கு ஆடும் வளர்ந்த ஆட்களோடு மோதினார். ஐஸில் அவருக்குக் கிடைத்த நேரமும் குறைவு.

அப்புறம் என்.எச்.எல். முதல் சீசன்: ரேமண்ட் 82 ஆட்டத்தில் 57, லாஃப்ரெனியர் 56 ஆட்டத்தில் 21. (ரேமண்ட் இன்னும் ஓராண்டு ஸ்வீடனில் ஆடிவிட்டுத்தான் வந்தார், அதையும் சொல்லியாக வேண்டும்.)

ஊரைப் பார்க்காதீர்கள், லீக்கைப் பாருங்கள். அமெரிக்கரான ஆஸ்டன் மேத்யூஸ் 2015-16இல் சூரிக் சீனியர் அணிக்காக 36 ஆட்டத்தில் 46 புள்ளி எடுத்தார். அதே சீசனில் ஒன்டாரியோ ஜூனியர் லீக்கில் மேத்யூ கச்சக் எடுத்தது 107. டிராஃப்டில் மேத்யூஸ் முதலாவது, கச்சக் ஆறாவது.